உயரத்தைச் சொல்லிவிட்டு ஏவுவோம்

(மேடவாக்கத்தில் பள்ளி மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது ராக்கெட்டைப் பற்றி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படும் பெரிய ராக்கெட் அல்ல. நீங்களே உங்கள் வீட்டு மேசையில் வைத்து ஒட்டிச் செய்யக்கூடிய ராக்கெட். ஒரு அட்டைக் குழாய், மெல்லிய பிளைவுட் பலகை, பிளாஸ்டிக்கில் ஒரு மூக்குக் கூம்பு, நைலான் துணியில் தைத்த பாராசூட். இவ்வளவுதான் அதன் உடம்பு. நிமிர்த்தி வைத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரம் இருக்கும். எடை ஒரு கிலோவுக்குள். முறையாக ஏவினால் இருநூறு, முந்நூறு மீட்டர் மேலே போய், பாராசூட்டை விரித்துக்கொண்டு இறங்கி வரும். இறங்கியதை எடுத்து வந்து, மோட்டாரை, அதாவது எரிமருந்து அடைத்த சிறு குழாயை, மட்டும் மாற்றி, அன்றைக்கே இன்னொரு முறை ஏவலாம். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை 'மிட் பவர்' ராக்கெட் என்பார்கள். நடுத்தர ஆற்றல் கொண்டது. பொம்மை ரகத்துக்கு ஒரு படி மேலே, சான்றிதழ் பெற்ற பெரியவர்கள் மட்டும் கையாளும் ரகத்துக்கு ஒரு படி கீழே.

ராக்கெட் விடுவதில் என்ன புதுமை, நாங்கள் வருஷா வருஷம் தீபாவளிக்கு விடுகிறோமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பாட்டிலில் சொருகுகிறோம், திரியைப் பற்றவைக்கிறோம், ஓடி வந்து நிற்கிறோம். அது எவ்வளவு உயரம் போகும்? தெரியாது. எந்தப் பக்கம் சாயும்? தெரியாது. எங்கே விழும்? எதிர்வீட்டு மாடியிலா, வைக்கோல் போரிலா? தெரியாது. தெரியாததுதான் அதன் வேடிக்கை.

நான் சொல்லும் ராக்கெட்டில் ஏவுவதற்கு முன்னால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்று தாளில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை வினாடியில் பாராசூட் விரியும் என்று எழுத வேண்டும். எங்கே இறங்கும் என்று எழுத வேண்டும். பிறகு ஏவ வேண்டும். பிறகு அளக்க வேண்டும். எழுதியதும் அளந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் சொல், பிறகு ஏவு, பிறகு அள, பிறகு திரும்பக் கொண்டு வா. இந்த மாலையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

அளப்பது என்று சொன்னேன். அளப்பதைப் பற்றிப் பேச மேடவாக்கத்தை விடப் பொருத்தமான ஊர் எது? இந்த மண்ணில் என்ன நடந்தது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்திலிருந்து நம் பக்கத்து ஊரான பெரும்பாக்கத்துக் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. சித்திரை, வைகாசி வெயில். வெயிலில் எஃகு நீளும் என்பதற்கும் கணக்கு வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஏழரை மைல் தூரத்தை 57 நாள் எடுத்து அளந்தார்கள். அந்தக் கோடுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு முதல் அடிக்கோடு. அதன்மேல் ஒரு முக்கோணம், அந்த முக்கோணத்தின் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போய், பிற்காலத்தில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தையே கணக்கிட்டார்கள். யாரும் சிகரத்தில் ஏறி நூல் பிடிக்கவில்லை. கீழே ஒரு தூரம் தெரியும், மேலே பார்க்கும் கோணம் தெரியும், அவ்வளவுதான்.

ராக்கெட்டின் உயரத்தையும் அப்படியேதான் அளக்கிறோம். ஏவுமிடத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு தங்கை நிற்கிறாள். கையில் பாகைமானி, அதில் நூல் கட்டி ஒரு குண்டு, மேலே ஒட்டிய ஸ்ட்ரா. ராக்கெட் உச்சிக்குப் போனதும் ஸ்ட்ரா வழியாகப் பார்த்து நூலைப் பிடித்துக்கொள்கிறாள். 51 டிகிரி. 51-இன் டேன்ஜென்ட் 1.235. 200-ஐ அதால் பெருக்குங்கள். 247 மீட்டர். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் கலங்கரை விளக்கத்தையும் கப்பலையும் வைத்துப் போடும் அதே கணக்கு. ராக்கெட் நேராகப் போகாமல் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கு தவறிவிடுமே என்று கேட்கும் பிள்ளைக்கு நான் கைதட்டுவேன். அதனால்தான் இன்னொரு திசையில் இன்னொரு பாகைமானியோடு இன்னொருவர் நிற்க வேண்டும். லாம்டன் ஒரு கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் பார்த்ததற்குக் காரணமும் அதுதான்.

சரி, ராக்கெட்டைக் கட்டுவோம். மேசைக்கு வாருங்கள்.

முதலில் மோட்டார் உட்காரும் சிறு குழாய். அதைச் சுற்றி இரண்டு மூன்று பிளைவுட் வளையங்கள். இந்த வளையங்கள்தான் சிறு குழாயைப் பெரிய குழாயின் நட்டநடுவில் நிறுத்துகின்றன. ஏவும்போது உண்டாகும் தள்ளுவிசை முழுவதும் இந்த ஒட்டின் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. பொம்மை ரகத்துக்கு வெள்ளைப் பசை போதும். இதற்கு அரால்டைட் போன்ற இரண்டு கூட்டுப் பசை வேண்டும். கலந்து, பூசி, ஒரு இரவு அப்படியே விட வேண்டும். அவசரப்படுகிற பிள்ளையை இந்த ஒரு இரவு திருத்திவிடும்.

பிறகு சிறகுகள். மூன்று சிறகு என்றால் நடுவில் 120 டிகிரி. கண்ணால் பார்த்து ஒட்டக் கூடாது. ஒரு அட்டையில் வட்டம் போட்டு, மூன்று கோடு கிழித்து, அதன்மேல் குழாயை நிறுத்தி ஒட்ட வேண்டும். நடுத்தர ரகத்தில் சிறகின் அடிப்பாகம் வெளிக்குழாயில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே போய், மோட்டார் குழாயையே தொட்டு ஒட்டும். உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி. ஏன் இவ்வளவு பாடு? மோட்டார் எரிந்து முடியும்போது ராக்கெட்டின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அந்த வேகத்தில் ஒரு சிறகு பிய்ந்தால் ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை நாம் ஏவ மாட்டோம். லேசான பால்சா கட்டையில் சிறகு செய்தால் மரத்தின் ரேகை சிறகின் முன்விளிம்போடு ஓட வேண்டும். ரேகை குழாயோடு ஓடினால் சிறகு அப்பளமாக உடையும். தச்சு வேலை தெரிந்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். ராக்கெட்டைப் பார்த்திராவிட்டாலும் ரேகையைப் பற்றி அவர் சொல்வது சரியாக இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைக் குழாய் ஊதும். கோடையில் இழைத்துப் பொருத்திய மூக்குக் கூம்பு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். இறுகிய கூம்பு கழன்று வராது. கூம்பு கழலாவிட்டால் பாராசூட் வெளியே வராது. ஆகவே ஏவும் நாளன்று காலையில் கூம்பைக் கழற்றிப் பாருங்கள். ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்தால் கூம்பு விழக் கூடாது, லேசாக இழுத்தால் வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் உப்புத்தாள், தளர்வாக இருந்தால் ஒரு சுற்று மாஸ்கிங் டேப்.

இப்போது இந்த ராக்கெட் நேராகப் போகுமா? இதை ஏவாமலே கண்டுபிடிக்கலாம். எப்படி? ஒவ்வொரு ராக்கெட்டிலும் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று ஈர்ப்பு மையம். விரல்மேல் வைத்தால் இரு பக்கமும் சமமாக நிற்கும் இடம். இன்னொன்று அழுத்த மையம். காற்றின் விசை முழுவதும் ஒன்றுசேர்ந்து தள்ளுவதாகக் கொள்ளும் இடம். ஈர்ப்பு மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால் ராக்கெட் நேராகப் போகும். இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் கட்டை முன்னால் திரும்பி, இறகு பின்னால் வருகிறதே, அதே காரணம். இரண்டு புள்ளிக்கும் நடுவில் குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு இடைவெளி வேண்டும். அழுத்த மையத்தைக் கணக்கிடும் வழியை 1960-களில் நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் மாதிரி ராக்கெட்காரர்களுக்காகவே எளிமைப்படுத்திக் கொடுத்தார். இன்றைக்கு 'ஓபன் ராக்கெட்' என்ற இலவச மென்பொருளில் அளவுகளைப் போட்டால் அது வரைந்தே காட்டிவிடும். அரசு கொடுத்த மடிக்கணினியே அதற்குப் போதும். கணினி இல்லையா? ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, தலைக்குமேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் நிலைத்து நின்றால் நல்லது. தட்டுத்தடுமாறினால் மூக்கில் கொஞ்சம் எடை சேருங்கள், அல்லது சிறகைப் பெரிதாக்குங்கள்.

அடுத்து மோட்டார். மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்து வரிசைதான் பெயர். உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கி வரும் அளவுக்கு ஒவ்வொரு எழுத்திலும் ஒரு மேல்வரம்பு உண்டு, அது முந்தியதைப் போல இரண்டு மடங்கு. ஏ 2.5 நியூட்டன்-வினாடி வரை, பி 5 வரை, சி 10, டி 20, இ 40, எஃப் 80, ஜி 160. இ, எஃப், ஜி மூன்றும் நடுத்தர ரகம். மோட்டார் மேல் எஃப்50-6 என்று அச்சிட்டிருந்தால், எஃப் வகை, சராசரி உந்துவிசை 50 நியூட்டன், எரிந்து முடிந்த பிறகு 6 வினாடி தாமதம் என்று பொருள். உங்கள் ராக்கெட் 800 கிராம் என்று வையுங்கள். அதன் எடை ஏறக்குறைய 8 நியூட்டன். உந்துவிசை அதைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஆறு மடங்கு. போகலாம்.

அந்த 6 வினாடித் தாமதம் எதற்கு? இங்கேதான் இந்தக் கலையின் அழகே இருக்கிறது. மோட்டார் ஒன்றரை வினாடியில் எரிந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ராக்கெட் வந்த வேகத்தில் ஆறு ஏழு வினாடி மேலே போய்க்கொண்டே இருக்கும். வேகம் குறைந்து, குறைந்து, உச்சியில் ஒரு கணம் ஏறக்குறைய நின்றுவிடும். சரியாக அந்தக் கணத்தில் மோட்டாரின் முன்பக்கத்தில் இருக்கும் சிறிதளவு வெடிமருந்து பற்றிக்கொண்டு, கூம்பையும் பாராசூட்டையும் வெளியே தள்ள வேண்டும். மிகவும் முந்தினால் என்ன? இன்னும் வேகம் இருக்கும், பாராசூட் நாடா குழாயையே கிழித்துவிடும். மூன்று வினாடி பிந்தினால்? தலைகீழாகக் கீழே பாய்ந்துகொண்டிருக்கும். எரிப்பது ஒன்றரை வினாடி, காத்திருப்பது ஆறு வினாடி. கைதட்டல் முன்னதற்குக் கிடைக்கிறது. கணக்கு பின்னதில் இருக்கிறது.

பாராசூட்டும் கணக்குதான். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கினால் ராக்கெட் உடையாது. அதற்கு 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாராசூட் வேண்டும். 250 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க 50 வினாடி. அந்த 50 வினாடியும் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் 200 மீட்டர் தள்ளிப் போய் விழும். இதனால்தான் இந்த ரகத்துக்கு மைதானத்தின் குறுகிய பக்கமே 300 மீட்டராவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. நீங்கள் இப்போது போட்ட கணக்கிலிருந்து வந்தது.

நமக்கு இன்னொன்றும் உண்டு. கடற்கரை ஓர ஊர் நாம். கோடையில் பகல் ஏறியதும் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். சிறகுள்ள ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். ஆக ஏறும்போது கடலைப் பார்த்துச் சாயும். பாராசூட் விரிந்ததும் அதே காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போகும். இதைத் தெரிந்துகொண்டு விடிகாலையில், காற்று அடங்கியிருக்கும்போது ஏவ வேண்டும். ஏவும்போது ராக்கெட்டிலிருந்து குறைந்தது 9 மீட்டர் தள்ளி நின்று, சாவி போட்ட மின்பெட்டியில் பொத்தானை அழுத்த வேண்டும். தீக்குச்சிக்கு இங்கே வேலையே இல்லை.

இனி நான் சொல்லப்போவதைப் பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் அதைவிடக் கவனமாகக் கேட்க வேண்டும்.

மோட்டாருக்கான மருந்தை வீட்டில் யாரும் கலக்கக் கூடாது. எந்தக் காணொளியில் எவர் செய்து காட்டியிருந்தாலும் கூடாது. 1957-இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் மேலே போனபோது அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் ஆசை பிடித்துக்கொண்டது. இரும்புக் குழாயில் தீக்குச்சி மருந்தையும் துத்தநாகம், கந்தகத்தையும் அடைத்தார்கள். விரல் போனது, கண் போனது, உயிரும் போனது. மாதிரி ராக்கெட் என்ற கலை பரவியதே இதைத் தடுக்கத்தான். நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் பிரியம் உள்ளவர். அண்ணன் தம்பி இருவருமாக அட்டைக் குழாயில், உலோகமே இல்லாமல், பாராசூட்டோடு இறங்கும் சிறு ராக்கெட்டைச் செய்தார்கள். ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, தம் ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைத்தார் கார்லைல். ஸ்டைன் அதில் வழியைக் கண்டார். மருந்தை நிபுணர் செய்யட்டும், பிள்ளை ராக்கெட்டைச் செய்யட்டும். பிறகு வெர்ன் எஸ்டஸ் என்பவர் சில வினாடிக்கு ஒரு மோட்டார் வீதம் ஒரே அளவில் அழுத்தித் தரும் இயந்திரத்தை உருவாக்கினார். மேபல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு மோட்டாரும் ஒரே மாதிரி எரிந்தால்தான் முன்கூட்டி உயரம் சொல்ல முடியும். பாதுகாப்பும் கணிப்பும் ஒரே இடத்திலிருந்து பிறந்தன.

நம் நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் உரிமம் இல்லாமல் இத்தகைய மோட்டார்களைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கின்றன. வெளிநாட்டுச் சித்தப்பா பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தரும் பொருள் இது அல்ல. விமானத்தில் கொண்டுவரவே கூடாது. இன்னொன்று, மேடவாக்கத்தில் இருந்து இந்த ராக்கெட்டை ஏவவும் முடியாது. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், மறுபக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். நடுவில் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அங்கே வந்து தங்கும் பறவைகளை எந்த ராக்கெட்டும் கலைக்கக் கூடாது.

அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த வட்டாரத்தின் உரிமையைத்தான் நான் கேட்க வந்திருக்கிறேன்.

எந்த வட்டாரம் இது? காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு படைகளின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படைமேல் பாய்ந்தன. அந்த மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் தம் ராக்கெட்டைச் செய்தார். அந்தப் படை ராக்கெட்டுகளை வரைந்த ஓவியத்தை அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் ஏவுதளத்தில் பார்த்து நெகிழ்ந்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கலாம் விமானப் பொறியியல் படித்தது எங்கே? இதோ, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். அதே வளாகத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.யில் ஏறிப் போனது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். 2023 பிப்ரவரி 19. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பட்டிப்புலம். ஸ்பேஸ் ஸோன் இந்தியா, மார்ட்டின் அறக்கட்டளை, கலாம் பன்னாட்டு அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஈடுபடுத்தி, 150 குட்டிச் செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட்டை ஏவின. மறு ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து, இடம் பெயர்த்து நிறுத்தக்கூடிய ஏவுமேடையிலிருந்து, ரூமி-1 என்ற ராக்கெட் போனது. திடமும் திரவமும் கலந்த கலப்பின எஞ்சின். திரும்பப் பயன்படுத்தும் நோக்கில் பாராசூட்டோடு வடிவமைத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கடற்கரையில் நின்று தாங்கள் பூட்டிய கருவி மேலே போவதைப் பார்த்தார்கள். இதைச் செய்து காட்டியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எனக்கு இன்னும் வேண்டும். ஐயாயிரம் பிள்ளைக்கு ஒரு ராக்கெட் நடந்துவிட்டது. ஐந்து பிள்ளைக்கு ஒரு ராக்கெட் எப்போது?

அமெரிக்காவில் 2003-லிருந்து பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது. மூன்று முதல் பத்துப் பேர் வரை ஒரு குழு. ராக்கெட்டைத் தாங்களே செய்ய வேண்டும். உள்ளே கோழி முட்டை. குறித்த உயரத்துக்குப் போக வேண்டும், குறித்த நேரத்தில் இறங்க வேண்டும், முட்டை விரிசல் விடக் கூடாது. அதிக உயரம் போனவனுக்குப் பரிசு இல்லை. சொன்ன உயரத்துக்கு மிக அருகில் போனவனுக்குப் பரிசு. எவ்வளவு நல்ல விதி! நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. ராக்கெட்டில் தபால் அனுப்பிய ஸ்டீபன் ஸ்மித், 1935-இல் தாமோதர் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சேவலையும் ஒரு கோழியையும் உயிரோடு கொண்டு சேர்த்தார். 1992-இல் அவருக்கு அஞ்சல் தலையே வந்தது. உயிரைப் பணயம் வைக்காமல் முட்டையை வைத்துச் செய்வது இன்னும் மேல்.

இந்தியாவும் அசையத் தொடங்கிவிட்டது. மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் விண்வெளி அமைப்பு கல்லூரி மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டியை உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் நடத்தியது. குஷிநகரில் நடக்கக்கூடியது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏன் நடக்கக் கூடாது? ஏரிகளின் மாவட்டம் இது. விமானப் பாதைகளிலிருந்து விலகி, ஊரிலிருந்து விலகி, கோடையில் வற்றிக் கிடக்கும் ஓர் ஏரிப்படுகை போதும். ஆண்டில் நாலைந்து விடிகாலைகள் போதும். காய்ந்த புல்லை ஏவுமேடையைச் சுற்றிச் செதுக்கி எடுத்துவிட்டு, தண்ணீர் லாரியை நிறுத்தி வைத்து, வெடிபொருள் துறை, விமானத்துறை, விமானப்படை, மாவட்ட ஆட்சியர், காவல்துறை, தீயணைப்புத் துறை எல்லோருக்கும் எழுதி, அனுமதி பெற்று, பொறுப்பான பொறியாளர்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். கடினமா? கடினம்தான். கேரளத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவியவர்களுக்கு எது எளிதாக இருந்தது? அங்கே நான்கு ஆண்டு கழித்து ஏவிய நம் சொந்த ரோகிணி ராக்கெட்டின் விட்டம் 75 மில்லிமீட்டர். இன்று நான் சொல்லும் பெரிய ரக அட்டைக் குழாயின் விட்டமும் ஏறக்குறைய அதுதான்.

மோட்டார் எங்கிருந்து வரும்? இதற்கும் என்னிடம் ஒரு கருத்து உண்டு. சிறு ரக மோட்டார் என்பது காகிதக் குழாயில் அழுத்திய கருமருந்தும் களிமண் உமிழ்வாயும்தான். அந்தக் கைத்திறன் சிவகாசியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இல்லாதது அளவீடு. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்துச் சோதனை மேடையில் எரித்து, உந்துவிசை வரைபடம் எடுத்து, எழுத்தும் எண்ணும் அச்சிட்டு, உரிமத்தோடு, பள்ளிகளுக்கு மட்டும் கொடுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். நடுத்தர ரகத்துக்கான கலப்பு எரிபொருள் வேறு வகை. அம்மோனியம் பெர்குளோரேட்டும் ரப்பர் போன்ற பிசினும் சேர்ந்தது. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் 138 டன் அளவுக்கு இருப்பதும் அதே குடும்பம்தான். நம் எஃப் மோட்டாரில் நாற்பது கிராம் அளவு இருக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் விண்வெளித் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பட்டாசு ஆலைகளில் உயிர்விடும் தொழிலாளர்களின் பாதுகாப்பைச் சரிசெய்யாமல் பள்ளிப் பிள்ளைகளுக்காக இன்னொரு வெடிமருந்துத் தொழிலைத் தொடங்கக் கூடாது. அதுவும் இதுவும் ஒன்றாக வர வேண்டும்.

அனுமதி வரும் வரை என்ன செய்வது? கை கட்டி உட்கார வேண்டாம். மோட்டார் தவிர மற்ற எல்லாவற்றையும் நாளைக்கே செய்யலாம். ஒரு குழுவுக்கு ஐந்து பேர். உடம்பைக் கட்டுங்கள், நூலில் சுற்றிப் பாருங்கள், ஓபன் ராக்கெட்டில் உயரத்தைக் கணியுங்கள். பாராசூட்டில் ஒரு முட்டையைக் கட்டி, பெரியவர் ஒருவர் கூட நிற்க, மாடியிலிருந்து விட்டு, இறங்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்து எடுங்கள். பாகைமானியைச் செய்து, பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் உயரத்தை முதலில் அளந்து பழகுங்கள். மாடி எண்ணிக்கை தெரியும், சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு சோடா பாட்டிலும் சைக்கிள் பம்பும் தண்ணீரும் வைத்துப் பள்ளி மைதானத்தில், ஆசிரியர் முன்னிலையில், தள்ளி நின்று நீர் ராக்கெட் விடுங்கள். கண்ணாடிப் பாட்டிலும் உலோகக் குழாயும் கூடவே கூடாது. அதிலும் அதே விதிதான். விடுவதற்கு முன்னால் உயரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெண் பிள்ளைகளை நோட்டுப் புத்தகம் எழுத மட்டும் உட்கார வைக்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பசை கலக்கும் கையும் பொத்தானை அழுத்தும் கையும் முறை வைத்து மாற வேண்டும்.

அரங்கின் பின்பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். மோட்டார் இல்லாத ஒரு ராக்கெட் உடம்பு, ஒட்டாத நிலையில், துண்டு துண்டாக அங்கே இருக்கிறது. பக்கத்தில் பாகைமானி செய்ய அட்டையும் நூலும் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியருக்கு ஏவுமிடம் கேட்டு எழுதிய மனுவும் இருக்கிறது. பெரியவர்கள் மனுவைப் படித்து, ஒத்துக்கொண்டால் கையெழுத்திடுங்கள். பிள்ளைகள் நேராக ராக்கெட்டுக்குப் போங்கள். எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று யாரும் சொல்லித் தர மாட்டோம். ஈர்ப்பு மையம் எங்கே வரும் என்று முதலில் ஒரு சீட்டில் எழுதிவிட்டு, அப்புறம் விரலில் வைத்துப் பாருங்கள்.